இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள்

புதுக் கார் எடுத்த அன்று ஷோரூம் பையன் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். பின்பக்கக் கேமரா, மேப், புளூடூத், எஃப்.எம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மீடியம் வேவ், அதாவது ஏ.எம்., உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. நாலைந்து மாதம் கழித்து, மழை கொட்டிய ஒரு ராத்திரியில் போனில் சிக்னல் போய்விட, திரையில் ஏ.எம். எங்கே என்று தேடியபோதுதான் அப்படி ஒன்று வண்டியில் இல்லவே இல்லை என்று தெரிந்தது.

அப்புறம் தெருவில் விசாரித்தேன். சமீபத்தில் கார் வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கேட்டு வாங்கவில்லை. இரண்டு வண்டிகளில் ஏ.எம். இருந்தது. இருப்பது உடையவர்களுக்குத் தெரியவில்லை. இல்லாததைக் கேட்காதது, இருப்பதை அறியாதது, இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் என்று இங்கே எழுதுவது தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதி, இவற்றின் பக்கத்துத் தமிழர்களை. துணி வெளுக்க வந்தவர்கள், பலசரக்குக் கடை வைத்தவர்கள், லாரியும் டாக்சியும் ஓட்ட வந்தவர்கள், மீன் ஏலத்துக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள். மலையாளத்தில் வியாபாரம் பேசிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழுக்குத் திரும்புகிறவர்கள். அந்தத் திரும்புதலுக்கு ஒரு காலத்தில் கதவு திறந்து விட்டது மீடியம் வேவ்தான். வெளி டோபி கானாவில் கரிப் பெட்டி தேய்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆக ஆக இலங்கை வானொலி தெளிந்து வரும். கே.எஸ்.ராஜாவின் வேகத்தையும் அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடித்துக் காட்டுவார்கள். இருட்டிய பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, திருச்சி என்று ஒவ்வொன்றாக ஊர்கள் வந்து சேரும். பகலில் இந்த அலைகளை விழுங்கிவிடும் வான அடுக்கு ஒன்று ராத்திரியில் கரைந்துபோவதால் தூரத்து நிலையங்கள் எட்டுகின்றன என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். அப்போது எங்களுக்கு அது, ஊர் ராத்திரியில் கிட்டே வருகிறது என்பது மட்டும்தான்.

அம்பாசடர் டாக்சியில் டாஷ்போர்டுக்கு நடுவே ஐந்து பட்டனும் ஒரு திருகுக் குமிழும் கொண்ட ரேடியோ. பழைய ஹார்பர் பாலத்தின் இரும்புப் பகுதியில் ஏறினால் சத்தம் அமுங்கும், இறங்கினால் திரும்ப வரும். பாட்டில் எந்த வரி பாலத்தில் போயிற்று என்று குழந்தைகள் சண்டை போடுவோம்.

இதை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. முதலில் கேசட் வந்தது. 1989ல் கொச்சி வானொலி எஃப்.எம்.மிலேயே பிறந்தது. சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது, பழசைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தனியார் எஃப்.எம்., பிறகு பென்டிரைவ், பிறகு போன். ஒவ்வொரு மாற்றத்திலும் நாங்கள் சொன்ன காரணம் ஒன்றேதான்: அதில் ஒரே கரகரப்பு. ஹெட்லைட் போட்டால் இரைகிறது, பக்கத்தில் பஸ் வந்தால் இரைகிறது, மின்கம்பிக்குக் கீழே போனால் கேட்கவே வேண்டாம். காரின் கூரையில் நீண்டு நின்ற கம்பி ஆன்டெனாவும் போய், சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு குமிழ் வந்தது. சுறா பிடிப்பதற்குப் பேர்போன தூத்தூர்க்காரர்கள் கரையேறும் தோப்பும்படியில் அந்தத் துடுப்போடு கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

மின்சாரக் கார் வந்ததும் கதை இன்னும் சுருங்கியது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர், மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டிச் சேர்க்கிறது. அந்த வெட்டில் பிறக்கும் அதிர்வுகள் நேரே மீடியம் வேவில் வந்து விழுகின்றன. தடுக்க வழி உண்டு, செலவும் எடையும் கூடும். அந்தச் செலவுக்குப் பெறாது என்று வெளிநாட்டில் பல கம்பெனிகள் ஏ.எம்.மை எடுத்தன. ஃபோர்டு 2023ல் எடுக்கப்போவதாகச் சொன்னது. ஆபத்துக் காலத்தில் அரசாங்க எச்சரிக்கை போய்ச் சேரும் வழி இது என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை குரல் எழும்பியதும் அதே வருஷம் மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. எல்லா வண்டியிலும் ஏ.எம். கட்டாயம் என்று ஒரு மசோதாவே அங்கே கொண்டுவந்தார்கள். சண்டை போட அவர்களுக்கு ஆள் இருந்தது. இங்கே நாங்கள் இருந்தோம்.

துறைமுகத்துக்கு வருகிறேன். சொல்ல வேண்டிய குற்றம் அங்கேதான் கிடக்கிறது.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் படகுகளில் பெரும்பங்கு ஓட்டுபவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தார்: தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கல் போகிறவர்கள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். கொஞ்ச தூரத்தில் போன் செத்துவிடும். எஃப்.எம். அடிவானத்தோடு நின்றுவிடும். படகில் உள்ள வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேசத்தான். மீடியம் வேவின் குணம் வேறு. அது தரையைத் தழுவிக்கொண்டு போகிற அலை. காய்ந்த மண்ணில் சீக்கிரம் களைக்கும், உப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் ஓடும். கொச்சிக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் சொச்சத்தில், ஆலப்புழையில், 1971ல் வந்த அகில இந்திய வானொலி நிலையம் 200 கிலோவாட்டில் 576 கிலோஹெர்ட்ஸில் கடலைப் பார்த்து ஒலித்தது. மீனவருக்கான வானிலை அறிக்கை அந்த வழியாகத்தான் படகுக்குப் போனது.

சின்னத்துறைக்காரர் ஒருவர், முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவர், தன் அறையில் பாலிதீன் பையில் சுற்றி ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார். எதற்கு அண்ணே இந்தக் காலத்தில் என்று நான் கேட்டேன். கேள்வியிலேயே என் யோக்கியதை தெரிந்திருக்கும்.

“பாட்டுக்கு மட்டுமில்ல மக்கா. சும்மா சடசடன்னு வெடிச்சா எங்கயோ இடி கெடக்குன்னு அர்த்தம். கூடக்கூட அது கிட்ட வருது. பெட்டியத் திருப்பிப் பாத்தா எந்தப் பக்கம்னும் கொஞ்சம் தெரியும்.”

அவர் சொன்னது அறிவியல்படி சரி. மின்னல் வெட்டும்போது கிளம்பும் அலை மீடியம் வேவில் வெடிப்பாகக் கேட்கும். ரேடியோவின் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி பக்கவாட்டில் வருவதைக் கூடுதலாகவும் முனைப் பக்கம் வருவதைக் குறைவாகவும் வாங்கும். காரில் நாங்கள் சகிக்க மாட்டாமல் அணைத்த அதே இரைச்சலை ஒரு மனிதர் கடலில் வானிலைச் செய்தியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. படகில் வானொலி இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுத மாட்டேன், அது பொய். எச்சரிக்கையே தாமதமாக வந்தது. படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பிவிட்டன. ஆனால் தூரத்தில் கிடந்த படகுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்த நாளில் எந்த வழியும் இல்லை என்று தோப்பும்படியில் பேசாதவர் கிடையாது. வழியே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்ட எங்களில் எத்தனை பேருக்கு மீடியம் வேவ் என்ற சொல் அன்று ஞாபகம் வந்தது? எனக்கு வரவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து, 2020 அக்டோபரில், ஆலப்புழை ஒலிபரப்பை மூடும் முடிவு வந்தது. மலையாளிகள் கிளம்பினார்கள், அரசியல்வாதிகள் பேசினார்கள், முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் சங்கங்களின் கூட்டங்களில் அந்த மாதம் பொங்கல் விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று விவாதித்தோம். கடலில் கேட்கிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள் என்று வாய்கிழியப் பேசும் நாங்கள், ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய் கட்டித் தபால் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்த தலைமுறைக்கு, நிலையத்துக்குக் கடிதம் எழுதுவது வழக்கமாக இருந்தது. காசு கொடுக்க வேண்டாம் என்றானதும் உரிமையும் எங்களுக்கு மறந்துபோயிற்று.

2023 ஜனவரியில் மத்திய அரசு ஒலிபரப்புக்கு 2,539 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. எஃப்.எம். மக்கள்தொகையில் 80 சதவீதத்தை எட்டும் என்றார்கள். நானும் பேப்பரில் படித்து, நல்லதுதானே என்று புரட்டிவிட்டேன். கடலில் மக்கள்தொகை கணக்கெடுப்பு கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. தங்கலுக்குப் போனவரை அவர் வீட்டு முகவரியில் எண்ணிக்கொண்டு, அங்கே எஃப்.எம். கேட்கிறது என்று கணக்கு முடிகிறது.

மீடியம் வேவிலேயே டிஜிட்டல் ஒலிபரப்பும் உண்டு. அகில இந்திய வானொலி சென்னை உட்பட 35 டிரான்ஸ்மிட்டர்களை அதற்கு மாற்றியது. மாருதி, ஹூண்டாய், மஹிந்திரா கார்கள் சிலவற்றில் அதை வாங்கும் வசதியும் வந்தது. கரகரப்பே இல்லாத மீடியம் வேவ். எங்கள் சாக்கும் அதோடு போயிற்று. தெருவில் அந்த வசதியுள்ள காரை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். அந்த பட்டனை அவர் இதுவரை தொட்டதில்லை.

டாக்சி ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, இப்போது படகுகளுக்குச் சாட்டிலைட் கருவி கொடுக்கிறார்களே அண்ணே என்றான். உண்மைதான், கொடுக்கிறார்கள். எத்தனை படகில் அது வேலை செய்கிறது என்று துறைமுகத்தில் போய் அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே பத்து நிமிஷ நடை.

உங்கள் வீட்டு ஆள் யாராவது தோப்பும்படியிலிருந்து தங்கல் போகிறார் என்றால், அடுத்த தடவை அவர் பையில் மீடியம் வேவ் உள்ள ஒரு ரேடியோவும் நாலு செட் பேட்டரியும் வையுங்கள். வாங்கும்போது கடையிலேயே பட்டனைத் தள்ளிப் பாருங்கள். இப்போது விற்கும் பல செட்டுகளில் எஃப்.எம். மட்டும்தான் இருக்கிறது.