விபத்து தில்லியில், வழக்கு திண்டுக்கல்லில்

தில்லியில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸோ லாரியோ மோதி இறந்துபோனால், நஷ்ட ஈடு கேஸை இங்கேதான் நடத்தணும் என்று பலரும் நினைக்கிறார்கள். குடும்பமோ சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா ரயிலேறி வரணும். நாலு வாய்தாவில் அலுத்துப்போய், வந்தது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இது தேவையே இல்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே வேறு. மேரிலாந்தில் அடிபட்டவர் மேல் கொஞ்சம் தவறு இருந்தாலே பொதுவாக ஒன்றும் கிடைக்காது. பக்கத்துப் பென்சில்வேனியாவில், அவர் தவறு பாதிக்கு மேல் போகாதவரை, விகிதப்படி கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. நாடு முழுக்க 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம்தான். அதன் 166-வது பிரிவுப்படி, விபத்து நடந்த ஊரில் மட்டுமில்லை, மனுதாரர் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம்.

2023 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. விபத்து சிலிகுரியில், மனு போட்டது உத்தரப் பிரதேசத்து ஃபதேகட்டில். சாட்சிகள் எல்லாம் சிலிகுரிக்காரர்கள், மொழிப் பிரச்சினை வரும், டார்ஜிலிங்குக்கு மாற்றுங்கள் என்றார் வண்டிக்காரர். நீதிபதி தீபங்கர் தத்தா மறுத்துவிட்டார். இந்தி தேசிய மொழி, சாட்சிகள் இந்தியில் சொல்லட்டும் என்று உத்தரவில் எழுதினார். (அரசியல் சாசனத்தில் 'தேசிய மொழி' என்று ஒன்றும் கிடையாது, ஆட்சி மொழிதான். எனக்கும் எரிச்சல்தான்!) ஆனால் அந்த ஒரு வரியையே பேசிக்கொண்டிருந்தால் நமக்கு உதவுகிற விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவோம். குடும்பம் தன் ஊரில் போட்ட கேஸை, சாட்சிக்கு மொழி தெரியாது என்று சொல்லி நகர்த்த முடியவில்லை. ஃபதேகட்டுக்கு உள்ள உரிமை திண்டுக்கல்லுக்கும் உண்டுதானே?

சரி, சட்டம் ஒன்று. தொகை ஒன்றா? இல்லை. வருமானத்துக்குச் சான்று இல்லாவிட்டால் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் அந்த மாநிலத்துக் குறைந்தபட்ச ஊதியத்தை எடுத்துக்கொள்கின்றன. தில்லியில் 2025 ஏப்ரலில் அது சாதாரணக் கூலித் தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். யமுனைக்கு அந்தப் பக்கம் நொய்டாவில் உத்தரப் பிரதேசக் கணக்கு, அப்போது நன்றாகவே குறைச்சல். ஒரே ஆள், அதே சமையல் வேலை. ஹோட்டல் எந்தக் கரையில் இருந்தது என்பதை வைத்து உயிருக்கு விலை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தில்லி போக்குவரத்துக் கழகத்தின் மீதான ஒரு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, 30 வயதுக்காரருக்குப் பெருக்கு எண் 17. மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்து எடுத்தால், சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்த பிறகும் மனைவி குழந்தைகளுக்கு 1,36,000 ரூபாய் போச்சு. எதிர்கால உயர்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன்: முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், கணக்கில் போடச் சொல்லுங்கள். பாஸ்புக் பதிவு இருந்தால் எந்த மாநிலத்துக் கூலி என்ற பேச்சுக்கே இடம் குறைவு.

2022 ஏப்ரலில் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வேறு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; அதை நம்பிச் சும்மா உட்கார வேண்டாம். அதே 2022 விதிகளின்படி போலீஸ் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்தில் கொடுக்கணும், அதையே மனுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கேஸ் தில்லியிலா ஊரிலா என்பதை அதற்குள் ஒரு வக்கீலைக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.