பால்வாடிக்கு இன்னொரு ஆள் தேவை

சின்னஞ்சிறு குழந்தைகளின் வயிற்றுக்குத் தமிழ்நாடு செய்திருப்பது குறைவில்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுக்கும் வழக்கத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1982இல் சத்துணவு வந்தது. பிறகு முட்டையும் சத்துமாவும் வந்தன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35 விழுக்காட்டினருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் அது 25 விழுக்காடு. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல. ஆனால், அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு நடந்த ஆய்விலும் இங்கே அந்த அளவு 27 ஆகத்தான் இருந்தது. ரத்தசோகை உள்ள குழந்தைகளின் விகிதமோ 51இலிருந்து 57 விழுக்காட்டுக்கு ஏறியிருக்கிறது. இத்தனை செய்தும் நாம் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். தட்டில் இன்னொரு பண்டத்தைச் சேர்ப்பதால் மட்டும் இந்தத் தேக்கம் உடையாது. குழந்தையோடு உட்கார்ந்து பேச, பாட, விளையாட, அதன் வளர்ச்சியைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரின் நேரம் அங்கன்வாடியில் கிடைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு மையத்துக்கும் இன்னொரு பணியாளர் வேண்டும்.

உணவு முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களின் குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு கணக்கெடுத்தபோது, முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி 46 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு கிடைத்த கஞ்சி அவர்களின் கூலியில் அப்படி ஒரு பலனைக் காட்டவில்லை. குழந்தைக்குச் சோறு போடுவது செலவா, முதலீடா என்ற பழைய விவாதத்தை இந்த ஒரு முடிவே தீர்த்துவைக்கும். பெண்களின் கூலியில் உயர்வு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடல் தேறினாலும் அதைப் பயன்படுத்த வழி இல்லாத ஊரில் உணவு மட்டும் எத்தனை தூரம் கொண்டுபோகும் என்ற கேள்வி அதில் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி ஜமைக்காவில் கிடைத்தது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ ஆய்வாளர் நான்கு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் பால்மாவு. இன்னொரு பிரிவின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் போய், ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடுவார். வீட்டில் கிடைக்கும் டப்பா, மூடி, துணி கொண்டு செய்த பொம்மைகள்தான் கருவி. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு; நான்காவதற்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகளோடு திட்டம் முடிந்தது. தொடக்கத்தில் பால்மாவும் விளையாட்டும் இரண்டுமே பலன் காட்டின. குழந்தைகள் பதின்பருவத்தை எட்டியபோது பால்மாவின் பலன் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் நின்றது. 20 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, அந்த வாராந்தர வருகை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ச்சி குன்றாத சக வயதினரின் வருமானத்தை எட்டிப் பிடித்திருந்தார்கள். 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த இந்த முடிவு, குழந்தை வளர்ச்சி பற்றிய சிந்தனையையே திருப்பிப்போட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒருவர் செலவிட்ட அக்கறை, 20 ஆண்டுக்குப் பிறகு சம்பளத்தில் தெரிகிறது!

இது எப்படி நடக்கிறது என்பது புரியாத விஷயமல்ல. பசித்த, சோகை பிடித்த குழந்தை சோர்ந்து கிடக்கும். தவழ்ந்து போய் எதையும் எடுத்துப் பார்க்காது. ஆளைப் பார்த்துச் சிரிக்காது. அது அழைக்காததால் பெரியவர்களும் அதனிடம் குறைவாகவே பேசுகிறார்கள். பேச்சு குறைந்தால் மொழி தள்ளிப்போகிறது. மொழி தள்ளிப்போனால் மற்ற பிள்ளைகளோடு சேருவதும் எண்ணிக்கை பழகுவதும் தள்ளிப்போகின்றன. உடல், அறிவு, பழக்கம் என்று நாம் மூன்று துறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பதெல்லாம் குழந்தைக்கு ஒன்றுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 320 மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவரை அமர்த்தினார்கள். முன்பருவக் கல்விதான் அவருடைய முழுப் பொறுப்பு. மையத்தின் கட்டடமும் உணவும் மாறவில்லை. 18 மாதங்களுக்குப் பிறகு, அந்த மையங்களில் குழந்தைகளுக்குக் கிடைத்த கற்றல் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மையத்திலேயே தொடர்ந்த குழந்தைகளின் கணக்குத் திறன் 0.29 திட்ட விலக்கமும் மொழித் திறன் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தன. புள்ளியியல் மொழியை விட்டுச் சொன்னால், நூறு பேர் வரிசையில் நடுவே நின்ற குழந்தை கணக்கில் ஏறக்குறைய 11 பேரையும் மொழியில் 18 பேரையும் தாண்டிப் போய்விட்டது. இடையில் விலகிப்போன குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் முன்னேற்றம் இதைவிடச் சிறியது; அதை மறைக்க வேண்டியதில்லை. மையத்தில் இல்லாத குழந்தைக்கு மையத்தின் பணியாளர் என்ன செய்துவிட முடியும்?

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. கூடுதல் பணியாளர் வந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளும் குறைந்திருந்தார்கள். வந்தவர் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுக்க வந்தவர். அவருக்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு? பழைய பணியாளரின் ஒரு நாளைப் பார்த்தால் விளங்கும். அவர் எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே கைப்பேசிச் செயலியில் மறுபடியும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், சத்துமாவு பங்கிட வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மார்களைக் கூட்டிவர வேண்டும், வீடுகளுக்குப் போக வேண்டும், கூட்டங்களுக்குப் போக வேண்டும். காலிப்பணியிடம் உள்ள பக்கத்து மையத்தின் கூடுதல் பொறுப்பும் பல இடங்களில் அவர் தலையில்தான். இவற்றுக்கு நடுவே பிள்ளைகளுக்குப் பாடம். உதவியாளர் இருக்கிறாரே என்று கேட்கலாம். சமையலும் துப்புரவும் பிள்ளைகளை அழைத்துவருவதும் அவருடைய நேரத்தைத் தின்றுவிடுகின்றன. பாடத்துக்கு ஓர் ஆள் வந்ததும், பழைய பணியாளரின் நேரம் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் பதிவேட்டுக்கும் திரும்பியது. இருந்த திட்டமே அப்போதுதான் உள்ளபடி நடந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடு தீராததற்கு மாவின் தரத்தையும் தாயின் அறியாமையையும் குறைசொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒரே ஆளின் மேல் நாம் சுமத்திய பாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, செலவு. தமிழ்நாட்டில் 54,000 மையங்களுக்கு மேல் இருக்கின்றன. கூடுதல் பணியாளருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 650 கோடி ரூபாய் ஆகும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை இது. ஆய்வாளர்களின் சொந்தக் கணக்கிலும் பலன் செலவைவிடப் பெரிதும் அதிகம். ஆனால், செலவைக் குறைக்கிறோம் என்று இன்னும் ஐம்பதாயிரம் பெண்களைச் சொற்ப மதிப்பூதியத்தில் காலமெல்லாம் தற்காலிகமாக வைத்திருக்கும் ஏற்பாடாக இது மாறிவிடக் கூடாது. அந்த அச்சம் அங்கன்வாடி ஊழியர் சங்கங்களுக்கு இருந்தால் அது நியாயமானது. குழந்தையின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று வாதாடிவிட்டு, அந்த நேரத்தைக் கொடுப்பவருக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. நான் 10,000 என்று கணக்கிட்டது அரைநாள் வேலைக்கு. அனுபவத்துக்கேற்ற ஊதிய உயர்வும் நிரந்தரப் பணிக்கான முன்னுரிமையும் அதோடு வர வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கல்வியாளர்களிடமிருந்து வருகிறது: மூன்று வயதுப் பிள்ளையை ஏன் பாடத்தில் உட்கார வைக்க வேண்டும், ஓடி விளையாடட்டுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். நான்கு வயதில் நான்கு கோட்டு நோட்டுக் கொடுத்து எழுதச் சொல்வது கொடுமை. ஆனால், ஒரே பணியாளர் முப்பது படிவங்களோடு போராடும் மையத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதில்லை. சுவரோரம் உட்கார வைக்கப்படுகிறார்கள், அல்லது தூங்க வைக்கப்படுகிறார்கள். விளையாட்டுக்கும் ஆள் வேண்டும். ஜமைக்காவில் நடந்ததும் பாடமல்ல, விளையாட்டுதான். ஆகவே, புதிய பணியாளரின் வேலையில் கதை, பாட்டு, கட்டைகள் அடுக்குதல், மண், தண்ணீர், கேள்விக்குப் பதில் சொல்லுதல் ஆகியவை முதலில் இருக்க வேண்டும். எழுத்துப் பயிற்சி பின்னால் வரட்டும்.

இப்படிக் கிடைக்கும் பலன் நாளடைவில் கரைந்துவிடும் என்ற வாதம் இன்னும் கனமானது. பல திட்டங்களில் தேர்வு மதிப்பெண்ணில் கிடைத்த முன்னிலை, பள்ளிக்குப் போன சில ஆண்டுகளில் குறைந்திருக்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வில், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் முன்பள்ளிக்குப் போனவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் முன்னிலை சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனாலும் 40 வயதில் அவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். நுண்ணறிவுத் தேர்வு அளக்காத ஏதோ ஒன்று, பொறுமையோ பிறரோடு பழகும் திறனோ, நிலைத்திருக்க வேண்டும். 123 பேரை வைத்துத் தமிழ்நாட்டுக்குக் கொள்கை வகுக்க முடியாதுதான். அரைநாள் பணியாளரின் பலன் 20 ஆண்டு நிற்குமா என்பதற்கு 18 மாத ஆய்வு சான்றாகாது என்பதும் சரியே. ஆனால், முன்னிலை கரைவதற்குப் பெரும் காரணம் அடுத்து வரும் தொடக்கப்பள்ளி அதைத் தாங்கிப் பிடிக்காததே என்றால், சீர்செய்ய வேண்டியது தொடக்கப்பள்ளியைத்தான். அதற்காக மூன்று வயதுக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

பிறப்பு விகிதம் குறைகிறது, பிள்ளைகள் தனியார் மழலையர் பள்ளிக்குப் போகிறார்கள், காலியாகும் மையங்களை இணைத்துவிடலாமே என்ற குரலும் கேட்கிறது. பெற்றோர் பால்வாடியை விட்டுப் போவது சோற்றுக்காக அல்ல; அங்கே படிப்பு இல்லை என்பதற்காக. கூலி வேலைக்குப் போகும் தாய்கூடக் கடன் வாங்கிப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார். அரசும் இதை உணர்ந்துதான் 2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022இல் அவற்றை மூடப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் முடிவு மாறியது. தொடக்கப்பள்ளி ஆசிரியரை இடம் மாற்றி வைத்து நடத்தப் பார்த்ததில் இருந்த தடுமாற்றம் அது. சிறு குழந்தைகளுக்கென்றே தனிப் பணியிடம் உருவாக்காமல் இந்த வேலை நடக்காது. மையங்களை இணைத்தால் தூரம் கூடும். இரண்டு கிலோமீட்டர் நடந்து வர மூன்று வயதால் முடியாது.

குழந்தையை வளர்ப்பது வீட்டின் கடமை, அரசுக்கு இதில் என்ன வேலை என்பவர்களுக்கும் பதில் உண்டு. வீட்டைப் பலப்படுத்துவதும் இதே ஆளால் முடியும். ஒடிசாவில் 192 கிராமங்களில் நடந்த ஆய்வில், தாய்மார்களைக் குழுவாகக் கூட்டிக் குழந்தையோடு விளையாடும் முறையைப் பழக்கியது, வீடுவீடாகப் போய்ப் பழக்கியதற்கு இணையான பலனை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் கொடுத்தது. அரைநாள் பிள்ளைகளோடு இருக்கும் பணியாளர், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களை வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு அழைத்தால் போதும். அப்படிச் செய்தால், குவாத்தமாலாவின் கஞ்சி வேலைசெய்த அந்த முதல் இரண்டு வயதையும் நாம் தொட்டுவிடலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது ஆறு வயதிலிருந்துதான். ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டும் நெறி மட்டுமே இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வயது அது. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்த நிதிநிலை அறிக்கையில், உயரக் குறைபாடும் ரத்தசோகையும் மிகுந்த மாவட்டங்களில் தொடங்கி, ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் முன்பருவக் கல்விக்கென இரண்டாவது பணியாளரை அரசு அறிவிக்க வேண்டும். மூன்றாண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் அது விரிய வேண்டும். தமிழ்நாட்டு மையங்களிலேயே, தமிழ்நாட்டுப் பெண்களைக் கொண்டே சோதித்துப் பலன் கண்ட ஒரு வழி கையில் இருக்கும்போது, இன்னும் காத்திருக்கக் காரணம் ஏதுமில்லை.