காலக் கூண்டு மாரிகுப்பத்தில் இறங்கட்டும்!



நம் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒலி நாடகம் ஒன்றைப் பதிவு செய்வதென்று முடிவாகியிருக்கிறது. நல்ல முடிவு, மகிழ்ச்சி. கதையும் ஏறத்தாழ உருவாகிவிட்டது என்கிறார்கள். இலண்டன் மாநகரில் ஒரு மாளிகை. நள்ளிரவு. கறுப்பு அங்கி அணிந்த கோமான்கள். அவர்கள் நடுவே மந்திர வட்டம். வெளியே சொன்னால் உயிர் போகும் என்னும் ஆணை. இன்றைய மாணவன் ஒருவன் காலத்தைக் கடந்து அந்த வட்டத்தின் நடுவே போய் விழுகிறான். பிறகு என்ன? ஓட்டம், துரத்தல், மர்மம்!

கேட்பதற்குச் சுவைதான். மறுப்பார் யார்? காலத்தைக் கடக்கும் கதை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இரகசியக் கூட்டம் வேண்டாம் என்றும் சொல்லவரவில்லை. களத்தை மாற்றுங்கள் என்று மட்டுமே வேண்டுகிறேன். இலண்டனுக்குப் போகும் அந்த மாணவனை அடையாற்றுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு, எங்கள் மாரிகுப்பத்துக்கு அனுப்புங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

எச். ஜி. வெல்ஸ் 1895-இல் கால இயந்திரத்தைப் பற்றிய தம் நாவலை வெளியிட்டார். அன்று முதல் எத்தனையோ எழுத்தாளர்கள் அந்த இயந்திரத்தில் ஏறி இறங்கிவிட்டார்கள். அதே வெல்சின் மற்றொரு கதையை 1938 அக்டோபர் 30-இல் அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நாடகமாக்கினார். செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் வந்துவிட்டனர் என்று நம்பி அஞ்சியவர்களும் அன்று உண்டு. ஒலிக்கு உள்ள ஆற்றல் அத்தகையது! மேடை வேண்டாம், திரை வேண்டாம், வேடம் வேண்டாம். ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும். மாளிகையைக் கேட்பவனே கட்டிக்கொள்கிறான்.

அத்தகைய ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் பார்த்திராத மாளிகையை ஏன் கட்டவேண்டும்? நம் மண்ணில் இரகசியக் கழகங்கள் இல்லையா? கோமான்களும் சீமாட்டிகளும் கூடிய மறைபொருள் மன்றம் இல்லையா?

இருந்தது, தோழர்களே! கடற்கரையோரம், சென்னை அடையாற்றில் இருந்தது.

1875-இல் நியூயார்க் நகரில் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் மற்றும் சிலரும் பிரம்மஞான சபையைத் தொடங்கினர். 1882-இல் அதன் தலைமையிடம் அடையாற்றுக்கு வந்தது. அங்கே ஒரு பேழை. அந்தப் பேழைக்குள் இமயத்து மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகவே வந்து சேரும் என்றனர். 1884-இல், அவையெல்லாம் பொய் என்று அங்குப் பணியாற்றிய கூலோம் அம்மையாரே வெளியிட்டார். இலண்டன் உளவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் ஹாட்ஜ்சன் என்பவர் வந்து ஆராய்ந்து, 1885-இல் வெளியான அறிக்கையில் அது மோசடியே என்று எழுதினார். நூறு ஆண்டு கழிந்து 1986-இல், அந்த அறிக்கை நடுநிலை தவறியது என்று அதே கழகத்தின் இதழிலேயே ஒருவர் மறுத்தெழுதினார். வழக்கு இன்றும் முடியவில்லை! நாடகக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னும் கேளுங்கள். சபையின் கதவு எல்லாருக்கும் திறந்தது. ஆனால் 1888-இல் அதற்குள்ளே மறைஞானப் பிரிவு ஒன்று அமைந்தது. உள்ளே நுழைவோர் இரகசியம் காப்பதாக உறுதி தரவேண்டும். பின்னாளில் அரசப் பிரதிநிதியாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள் எமிலி லட்யன்ஸ் சீமாட்டி போன்றோர் இந்த இயக்கத்தில் முன்வரிசையில் இருந்தனர்.

அவர்கள் காலத்தையும் கடந்தார்கள்! 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனை லெட்பீட்டர் கண்டார். அவனே வரப்போகும் உலக ஆசான் என்றார். ஞானக் கண்ணால் அவனுடைய முற்பிறவிகளைப் பார்த்ததாகச் சொல்லி, கி.மு. 22,662 முதலாக 30 பிறவிகளின் வரலாற்றை எழுதினார். சபையின் திங்களிதழில் அது தொடராக வந்தது. அந்தப் பிறவிகளில் யார் யாருக்குத் தாய், யார் யாருக்குத் தம்பி என்றெல்லாம் உறவு முறை வகுக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் தம் பெயர் உண்டா இல்லையா என்பதே சபையோர் பலருக்குப் பெருங்கவலையாயிற்று. 24,000 ஆண்டு பின்னோக்கிப் போயும் மனிதன் தேடியது எதை? தன் பெருமையை! பிறகு 1929-இல், கிருஷ்ணமூர்த்தியே தம்மைத் தலைவராகக் கொண்ட அமைப்பைக் கலைத்துவிட்டு வெளியேறினார் என்பது வேறு கதை.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

அதே சென்னையில், அதே ஆண்டுகளில், இன்னொரு காலப் பயணமும் நடந்தது. அதை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். ஆல்காட் 1894-இல் அடையாற்றில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். அந்த நற்செயலை நாம் மறக்கக்கூடாது. 1898-இல் அயோத்திதாசர் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அது 'தமிழன்' ஆயிற்று.

அவர் செய்ததென்ன? நிகண்டுகளைப் புரட்டினார், ஓலைச்சுவடிகளைப் புரட்டினார், ஊர் வழக்குகளைக் கேட்டார். தாழ்ந்தவர் எனப்படுவோர் முன்னொரு காலத்தில் பௌத்தராய் வாழ்ந்தவர். சாதி என்பது இடையில் வந்தது என்று வாதிட்டார். அவர் எழுதியவை அனைத்தையும் வரலாற்று ஆசிரியர்கள் இன்று ஏற்பதில்லை. ஆயினும் ஒரு பெரிய வேறுபாட்டைக் காணுங்கள். லெட்பீட்டர் கண்டதை லெட்பீட்டர் மட்டுமே காணமுடியும். நமக்கு ஞானக் கண் இல்லையே! அயோத்திதாசர் காட்டிய சுவடியையோ, நீங்களும் நானும் எடுத்துப் படிக்கலாம்; தவறென்றால் அடுத்த வாரமே மறுத்து எழுதலாம். ஒன்று ஆணையிட்டுக் காத்த இரகசியம். மற்றது அச்சேறித் தெருவுக்கு வந்த வழக்கு. காலப் பயணம் இரண்டும்தான். ஆனால் ஒன்றில் பயணச் சீட்டு ஒருசிலருக்கு மட்டுமே கிடைக்கும்.

இது வெறும் தத்துவ வேறுபாடா? இல்லை. முற்பிறவிகளைப் பற்றிய பேச்சு அடையாற்றில் ஓங்கிய அதே 1909-இல், சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பிள்ளைகளை உடனே மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தக்கூடாது. முதலில் தூய்மையும் நல்லொழுக்கமும் தனியே கற்பிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு அப்பாலுள்ள பிறவி தெளிவாகத் தெரிந்த மன்றத்துக்கு, பக்கத்துச் சேரிப் பிள்ளை பக்கத்து இருக்கையில் அமர்வது மட்டும் தொலைவாகத் தெரிந்தது! தோழர்களே, நாடகம் இங்கேயன்றோ இருக்கிறது!

அயோத்திதாசரின் குரல் சென்னையோடு நின்றதா? இல்லை. அது இரயிலேறித் தங்கவயலுக்கு வந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய பொற்சுரங்கங்களில், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த எம் முன்னோர் மண்ணுக்கடியில் உழைத்தனர். அவர்கள் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை கண்டனர். சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசர் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அவர் 1914-இல் மறைந்த பின்னரும், ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை நடத்தினார். பகலில் பாறையைக் குடைந்த கை இரவில் பத்திரிகை விரித்தது. எழுத்தறியாதவர் நடுவே எழுத்தறிந்தவர் உரக்கப் படித்தால், அதுவே எங்களுக்கு அந்நாளைய ஒலி நாடகம்!

இனி, ஒலிக்கு ஏற்ற களம் தங்கவயல் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சுரங்கம் இருட்டு. இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்கே வேலை. வேலை முறை மாறும்போது ஊதும் சங்கு, ஆட்களை ஏற்றி இறங்கும் கூண்டின் கம்பிவட ஓசை, துளைப்பொறியின் இரைச்சல், திடீரென்று பாறை வெடித்து மேலே வீடுகள் அதிரும் ஓசை. அந்த ஓசை கேட்டதும் லைன் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எந்தக் குழாயடியில் நின்றாலும் அவர்கள் காது மட்டும் சுரங்கத்திலேயே இருந்தது.

கால இயந்திரமும் தனியே செய்யவேண்டாம். கூண்டே போதும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் உடையது. ஆழம் இறங்க இறங்கக் காலம் பின்னோக்கிப் போகட்டும். ஓரிடத்தில் 1965: பூமிக்கடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களும் வானிலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தைக் காண்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைக் காண மந்திரம் வேண்டாம், அளவைக் கருவி போதும் என்று காட்டிய இடம் அது! இன்னும் கீழே 1930: கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம். இன்னும் கீழே 1902: 147 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் சுரங்கத்துக்கு வருகிறது. அடுத்த தளத்தில் கதவு திறந்தால், 1898-இன் அடையாறு! அங்கே கோமான்களும் உண்டு, பண்டிதரும் உண்டு. எந்தப் பக்கம் நிற்பது என்று நம் மாணவன் முடிவு செய்யட்டும்.

"தங்கவயலைத்தான் திரைப்படங்களில் பார்த்துவிட்டோமே!" என்பர் சிலர். 2018-இலும் 2022-இலும் வந்த கன்னடப் படங்கள் எங்கள் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன, உண்மை. ஆனால் அங்கே இருப்பது கற்பனைக் கோட்டையும் கற்பனை வீரனுமே. சங்கம் வைத்த, பத்திரிகை படித்த தொழிலாளி அதில் இல்லை. 2024-இல் வந்த 'தங்கலான்' எங்கள் பாட்டன்மாரை நோக்கி ஒரு கையை நீட்டியது, நன்றி. அதற்கு மேலும் சொல்ல இடமுண்டு என்பதே என் கட்சி.

"வரலாறு சொன்னால் நாடகம் பாடமாகிவிடும், சுவை போய்விடும்" என்பர் வேறு சிலர். பேழையிலே கடிதம் விழுவதில் சுவையில்லையா? வீட்டு வேலைக்காரி வாய் திறந்ததும் சபை நடுங்குவதில் சுவையில்லையா? சுவை எழுதுவோன் கையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்: ஆல்காட்டை வில்லனாக்கவும் வேண்டாம், பண்டிதரைச் சித்து வேலைக்காரர் ஆக்கவும் வேண்டாம்.

"அது கருநாடகத்து ஊராயிற்றே, நமக்கென்ன?" என்று கேட்பார் இருப்பின், அவருக்கு ஒரே விடை: தமிழ் மாணவர் மன்றத்துக்குத் தமிழர் உழைத்த நிலமெல்லாம் சொந்தக் கதைதான்.

தோழர்களே! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று சங்கு நின்றது. இன்று எங்கள் ஊர் இளைஞர்கள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுரங்கத்தின் ஓசையைக் காதால் கேட்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் போனபின் அந்த ஓசைகளை எந்த ஞானக் கண்ணும் மீட்டுத் தராது. ஞானச் செவியும் நம்மிடம் இல்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி உண்டு!

ஆகவே மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது. ஒத்திகைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பத்துப் பேர் தங்கவயலுக்கு வாருங்கள். கூண்டு இறங்கும் ஓசை எப்படியிருந்தது, எத்தனை முறை சங்கு ஊதியது, பத்திரிகையை யார் உரக்கப் படித்தார் என்று பெரியவர்களைக் கேட்டுப் பதிவு செய்வோம். நாடகம் நன்றாக அமைந்தால் கைதட்டல் கிடைக்கும். அமையாவிட்டாலும் அந்தக் குரல்கள் நம் மன்றத்தில் இருக்கும். கோமான்களின் இரகசியத்தைக் காக்க ஆள் பலர் இருந்தார்கள். எங்கள் பாட்டன்மாரின் பேச்சைக் காக்க நாம்தான் இருக்கிறோம். வாருங்கள், புறப்படுவோம்!