கல்லு நட்ட காடும் மூணு சென்ட் மனையும்

சென்னையிலேர்ந்தும் கோயம்புத்தூர்லேர்ந்தும் பேசுற நண்பர்கள், மழை பெஞ்சுதா, வெங்காயம் என்ன விலைன்னு விசாரிச்சுட்டு கடைசியில ஒண்ணு கேப்பாங்க. "உங்க குன்னம் பக்கம் மனை ஏதாச்சும் சல்லிசா வந்தா சொல்லுங்களேன். இப்ப வீடு கட்டப் போறதில்ல, சும்மா வாங்கிப் போடத்தான்." கேக்குறதுல தப்பே இல்ல. சம்பாதிச்ச காசை மண்ணுல போட்டா போகாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லித்தான் எல்லாரும் வளர்ந்தோம். ஆனா அந்த "சும்மா வாங்கிப் போட"ங்கிற வார்த்தை எங்க ஊருக்குள்ள என்ன செய்யுதுன்னு இன்னைக்குச் சொல்லலாம்னு இருக்கேன்.

எங்க பக்கம் மானாவாரி நிலத்தைக் காடுன்னுதான் சொல்லுவோம். கரிசல் மண்ணு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மக்காச்சோளத்துக்கு மத்திய அரசு 2025-26க்கு அறிவிச்ச ஆதார விலை குவிண்டால் 2,400 ரூபாய். மழை ஒத்துழைச்சு, படைப்புழுவும் பன்னியும் விட்டுவச்சு, ஏக்கருக்கு 25 குவிண்டால் வந்து, அந்த விலையும் கெடச்சா 60,000 ரூபாய். உழவு, விதை, உரம், மருந்து, ஆள்கூலி, கதிரடிக்கிற மிஷின் வாடகை எல்லாம் போக கையில 30,000 நின்னா அது நல்ல வருஷம். அந்த ஏக்கருக்கு 15 லட்சம் தர்றேன்னு ஒருத்தர் வந்து நின்னா, அது அம்பது வருஷ மக்காச்சோளம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, போர் போட்டுத் தண்ணி வராத கடன் இப்படி ஏதாவது ஒண்ணு எல்லா வீட்லயும் இருக்கு. வித்தவங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்.

வாங்கினவர் என்ன பண்றாரு? ஒரு ஏக்கர் 43,560 சதுரடி. ரோடு, பூங்கான்னு நாப்பது சதவீதம் கழிச்சாலும் 26,000 சதுரடி மிச்சம். 1,200 சதுரடியாப் பிரிச்சா 21 மனை. சதுரடி 200 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். 52 லட்சம் ஆச்சு. ஆர்ச் கட்டி, கலர் கொடி நட்டு, 'நகர்'னு ஒரு பேரும் வச்சாச்சு. பக்கத்துக் காட்டுக்காரரும் இனிமே தன் நிலத்தை ஏக்கர்ல நினைக்கமாட்டாரு, சதுரடியிலதான் நினைப்பாரு. அவரு உழுகிறதும் அன்னையோட பாதியாகிடும்.

எங்க தெருவுல ஒரு தம்பி. டிரைவர் வேலை. அண்ணன் தம்பி மூணு பேரு, மூணு குடும்பம், அப்பா காலத்து ஓட்டு வீடு ஒண்ணு. அவனுக்கு வேண்டியது ஊருக்குள்ள ஒரு மூணு சென்ட். மூணு சென்ட்னா 1,307 சதுரடி. 200 ரூபாய் கணக்குல 2,61,000. பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது ஒரு 23,500. ஆக 2,85,000 ரூபாய் ஆகும், ஒரு செங்கல் கூட வைக்காம. தமிழ்நாடு அரசோட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்துல குடிசையில இருக்கிறவங்களுக்கு 360 சதுரடி வீடு கட்ட 3.5 லட்சம் தர்றாங்க. 2030க்குள்ள எட்டு லட்சம் வீடுன்னு 2024 பட்ஜெட்ல சொன்னாங்க. நல்ல திட்டம், எங்க பக்கம் அதுல வீடுகள் எழும்பிக்கிட்டும் இருக்கு. ஆனா முதல் கேள்வியே "உங்க பேர்ல பட்டா இருக்கா?" மனை இருக்கிறவனுக்கு வீடு வருது. மனையே இல்லாதவன், இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுத்துட்டு, புறம்போக்கு எங்க மிச்சம் இருக்குன்னு கிராம நிர்வாக அலுவலரைத் தேடிக்கிட்டு இருக்கான்.

முன்னெல்லாம் இதுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வழி இருந்துச்சு. மாமன் மச்சான் காட்டு ஓரத்துல மூணு சென்ட் அளந்து விடுவாங்க, காட்டு விலைக்கே. ஏக்கர் 15 லட்சம்னா மூணு சென்ட் 45,000தான். 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஏரி, வாய்க்காலெல்லாம் மனையாகிப் போனதைப் பார்த்துத்தான் அந்த உத்தரவு. தேவையானதும்கூட. அதுக்கப்புறம் 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முந்தி போட்ட மனைப்பிரிவுகளைப் பணம் கட்டிச் சரிபண்ணிக்கலாம்னு ஆச்சு. இதுல பத்து ஏக்கர் மனைக்காரருக்கு, படம் போட்டு, கட்டணம் கட்டி, அங்கீகாரம் வாங்குறது தொழில்ல ஒரு செலவு, அதை மனை விலையில ஏத்திடுவாரு. மச்சானுக்கு மூணு சென்ட் விடுற விவசாயிக்கு? அவருக்கும் அதே படம், அதே அலைச்சல். அங்கீகாரம் இருக்கான்னு சட்டம் கேட்டுச்சு. இதுல யாராவது குடியிருக்கப் போறாங்களான்னு கேக்கவே இல்ல.

குடியிருக்கல. அதுதான் வயித்தெரிச்சல். எங்க தாலுகாவுல திருமாந்துறை பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம்னு 2007-08 வாக்குல ஏறத்தாழ 3,000 ஏக்கர் எடுத்தாங்க. நெடுஞ்சாலையில சுங்கச்சாவடி பக்கத்துல போறவங்க பார்த்திருப்பீங்க. தொழிற்சாலை வருது, வேலை வருதுன்னு பேச்சு கிளம்பின உடனேயே சுத்துப்பட்டுல கல்லு நட ஆரம்பிச்சுட்டாங்க. தொழிற்சாலை வருஷக்கணக்கா வரல, நிலம் கொடுத்தவங்க திருப்பிக் கொடுங்கன்னு போராடினாங்க. கல்லு மட்டும் அப்படியே நின்னுச்சு. அப்புறம் 2022 நவம்பர்ல எறையூர் சிப்காட்ல காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினதும் தரகர்களுக்கு மறுபடி உயிர் வந்துச்சு. அந்தக் கம்பெனியில வேலைக்குப் போற பொண்ணுங்க பஸ்ல போயிட்டு பஸ்லதான் வருதுங்க. மனை வாங்குனது அதுங்க இல்ல.

ஆள் வராத மனையில சீமைக்கருவேலம் வரும். அதுக்குள்ள பன்னி குடியிருக்கும். பகல் பூரா அங்க படுத்துக்கிட்டு ராத்திரி நம்ம மக்காச்சோளத்துல இறங்கும். லே-அவுட்டுக்கு மண்ணடிச்சு மேடாக்குனதுல வாரி அடைபட்டு, ஐப்பசி மழைத் தண்ணி பக்கத்துப் பருத்தியில நிக்கும். கரிசல்ல தண்ணி ரெண்டு நாள் நின்னா பருத்தி பழுத்துடும். யாருகிட்ட போய்ச் சொல்றது? மனைக்காரர் வித்துட்டுப் போயிட்டாரு. வாங்கினவங்க இருபத்தோரு பேரு, இருபத்தோரு ஊருல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குற கூத்துன்னு நினைச்சேன். இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால்னு ஒரு கடற்கரைப் பிரதேசம், அதுல செயின்ட் ஐவ்ஸ்னு ஒரு மீன்பிடி ஊர். லண்டன்காரங்க லீவுக்கு வந்து தங்க வீடு வாங்கி வாங்கி, உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு வீடு எட்டாமப் போச்சு. குளிர்காலத்துல தெருத்தெருவா வெளக்கு எரியாது. 2016 மே மாசம் ஊரே ஓட்டுப் போட்டு, இனிமே கட்டுற புது வீடுகளை அங்கேயே நிரந்தரமாக் குடியிருக்கிறவங்கதான் வச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. நூத்துக்கு எம்பது பேருக்கு மேல ஆதரவு. நடந்தது என்னன்னா, கட்டுமானக்காரங்க வேற ஊருக்குப் போனாங்க, வெளியூர்க்காரங்க பழைய வீடுகள் பக்கம் திரும்பி அந்த விலையும் ஏறுச்சு. இப்ப 2025 ஏப்ரல்லேர்ந்து அங்க குடியிருக்காத ரெண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சி வரி ரெண்டு மடங்கு.

இமாச்சலப் பிரதேசத்துல விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாம விவசாய நிலம் வாங்க முடியாது, 1972லேர்ந்தே சட்டம் இருக்கு. அதை இங்க கொண்டு வரணும்னு சில நண்பர்கள் பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவசரத்துக்கு விக்கப்போற விவசாயிக்கு வாங்குற கை குறைஞ்சா, உள்ளூர்ப் பெரிய கை சொல்றதுதான் விலை. வெளியூர்க்காரர் வரட்டும். வீடு கட்டிக் குடிவந்தா இன்னும் சந்தோஷம், பள்ளிக்கூடத்துக்கு நாலு பிள்ளைங்க சேரும்.

நான் கேக்குறது வரி. நகராட்சியில காலிமனை வரி இருக்கு. எங்க ஊராட்சியில கூரை வீட்டுக்காரர்கூட வீட்டு வரி கட்டுறாரு, கல்லு நட்ட மனைக்கு யாரும் கட்டி நான் பார்க்கல. மனை வாங்கி அஞ்சு வருஷத்துல வீடு கட்டலேன்னா வரி போடணும், வருஷா வருஷம் ஏத்தணும், அந்தக் காசு ஊராட்சிக்கே வரணும். புது லே-அவுட்டுக்கு மட்டும்னு போட்டா செயின்ட் ஐவ்ஸ் கதைதான், பழைய மனைக்கும், கம்பி வேலி போட்டுத் தரிசா வச்சிருக்கிற காட்டுக்கும் சேர்த்துப் போடணும். உழுகிறவனுக்கு வேண்டாம். அடங்கல்ல பயிர் எழுதியிருக்கா இல்லையான்னு பார்த்தாலே தெரிஞ்சிடும். கூடவே லே-அவுட் அங்கீகாரம் கொடுக்கும்போதே பத்து மனைக்கு ஒண்ணு, உள்ளூர்ல வீடில்லாதவங்களுக்குக் காட்டு விலையில விடணும்னு ஒரு வரி சேர்த்தா, அந்த டிரைவர் தம்பி மாதிரி ஆளுங்களுக்குக் கனவு இல்லம் கனவோட நிக்காது. அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமா வைக்கலாம்னு நாங்க நாலஞ்சு பேரு பேசிக்கிட்டு இருக்கோம்.

உங்கள்ல யாருக்காவது இந்தப் பக்கம் ஏற்கெனவே மனை இருந்தா, அடுத்த தடவை வரும்போது நாலு மூலைக் கல்லை எண்ணிப் பார்த்துட்டு மட்டும் போகாதீங்க. முள்ளை வெட்டச் சொல்லி ஒரு ஆளு வைங்க. பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட வாரி எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு கேளுங்க, அவரு கையைக் காட்டிச் சொல்லுவாரு.