மொய் நோட்டு இருக்கு, சீர் நோட்டு எங்கே?

காசிமேட்டில் ஒரு கல்யாணம் என்றால் ஆறு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆடி கூடாது, மார்கழி கூடாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தவக்காலமும் கூடாது. மிச்சமிருக்கும் நல்ல நாட்களுக்கு ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மண்டபம் கிடைக்காது. முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ். அப்புறம் சமையல் கான்ட்ராக்ட், பத்திரிகை, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை, பந்தல், பாண்டு, வீடியோ, வேன்... ஒவ்வொன்றுக்கும் ரசீது. எல்லா ரசீதும் ஒரு மஞ்சள் பையில், பை தாய்மாமன் கையில். "நம்ம ஆளுங்களுக்கு பிளானிங் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

மண்டப வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரையே பாருங்களேன். பெயர், ஊர், தொகை, என்ன உறவு. 101, 501, 1001. ஒரு வரி விடாது. பத்து வருஷம் கழித்து எண்ணூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அந்த நோட்டைப் புரட்டி, "அவங்க நமக்கு 501 வெச்சாங்க" என்று பார்த்து வைப்பார்கள். பி.காம். முதல் வருஷப் பாடம் படித்த யாரும் மொய்யை வருமானம் என்று எழுத மாட்டார்கள், அது கடன். அந்தக் கணக்கு நம் பாட்டிகளுக்கு எந்தக் காலேஜும் போகாமலே தெரியும். (அந்த மொய்யை நம்பித்தான் அன்று ராத்திரியே சமையல்காரருக்குப் பாக்கி செட்டில் செய்கிறார்கள் என்பது வேறு கதை.)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கல்யாணத்திலேயே பெரிய தொகை எது? மண்டபமா, சாப்பாடா? இரண்டும் இல்லை. பெண் கழுத்திலும் கையிலும் போட்டு அனுப்பும் நகை. அப்புறம் பீரோ, கட்டில், பாத்திரம், வண்டி. அதற்கு நோட்டு எங்கே?

இல்லை! 501 ரூபாய்க்கு நோட்டு உண்டு, 20 பவுனுக்கு நோட்டு இல்லை. இதைவிடக் கேவலமான கணக்கு வழக்கு வேறு எங்காவது உண்டா?

இத்தனைக்கும் அந்த நோட்டை எழுதச் சொல்லி ஒரு சட்டமே இருக்கிறது. 1961-ம் வருஷ வரதட்சணைத் தடைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் கீழ் 1985 அக்டோபர் 2-ம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? கல்யாணத்தின்போதே, இல்லாவிட்டால் கூடிய சீக்கிரம், பரிசுப் பொருட்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பொருள் என்ன, சுமார் மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் உறவினர் என்றால் என்ன உறவு. பெண்ணுக்கு வந்ததன் பட்டியல் பெண்ணிடம், மாப்பிள்ளைக்கு வந்ததன் பட்டியல் மாப்பிள்ளையிடம். இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்கலாம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியே நம் மொய் நோட்டின் காலங்கள்தான். கேட்காமல் கொடுத்த பரிசு வரதட்சணை ஆகாது என்று சட்டம் விலக்குக் கொடுப்பதும், அது பட்டியலில் ஏறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். நாற்பது வருஷமாகிறது. எந்தக் கல்யாண மேடையிலாவது இப்படி ஒரு தாளைப் பார்த்ததுண்டா?

இது வடசென்னையில் ஏன் அதிகமாக உறைக்க வேண்டும்? இங்கே பாதிப் பேரின் வருமானத்துக்குக் காலண்டர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-லிருந்து 61 நாள். அரசு நிவாரணம் 2024-ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். தையில் கல்யாணம் முடித்த வீட்டில் சித்திரையில் வரவு நின்றுவிடும், கல்யாணக் கடனுக்கு வட்டி நிற்காது. கம்பெனி வேலையிலும் கான்ட்ராக்ட்காரர்களுக்கு இதே கதைதான், எந்த மாதம் நிறுத்துவார்கள் என்று தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது வலையும் போச்சு, படகும் போச்சு, வாரக்கணக்கில் தொழிலும் போச்சு. அப்போது வீட்டில் காசாக மாறக்கூடிய ஒரே பொருள் எது? மருமகள் நகை. அது அடகுக் கடைக்குப் போகிறது. சீட்டு யார் பெயரில்? பெரும்பாலும் கொண்டுபோனவர் பெயரில்!

கஷ்டத்துக்கு அடகு வைப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அது அவள் சொத்து, அவள் கொடுத்த கடன் என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சீதனம் முழுக்க மனைவியின் சொத்து, கணவன் கையில் இருந்தாலும் நம்பி ஒப்படைத்த பொருள்தான், கையாடினால் நம்பிக்கை மோசடி. 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்று. 2003-ல் கல்யாணம், 89 பவுன். முதல் ராத்திரியே பத்திரமாக வைக்கிறேன் என்று கணவர் வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்தார், அவர்கள் பழைய கடனை அடைக்கப் போய்விட்டது என்பது மனைவியின் புகார். குடும்ப நீதிமன்றம் 2011-ல் ஏற்றது, உயர் நீதிமன்றம் 2022-ல் நிரூபணம் போதாது என்று தள்ளியது, கடைசியில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. கல்யாணத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் 21 வருஷம்! இருவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்திருந்தால் இத்தனை தூரம் இழுத்திருக்குமா?

"நம்பிக்கை இல்லாமலா பொண்ணு குடுக்கறோம்?" என்பார்கள் பெரியவர்கள். நம்பிக்கை இருந்தால் மண்டபக்காரரிடம் ரசீது எதற்கு? சொந்த அத்தை மொய்யை எழுதி வைப்பது எதற்கு? இதே திருவொற்றியூரில்தான் சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்தார் என்கிறது பெரிய புராணம். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்வதாகப் பேச்சு. அவரோ சாமியிடம், அந்த நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று தனியாக ஏற்பாடு செய்துகொண்டார். சாமி பெண் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார்! பிறகு வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போனது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். நாயன்மாரிடமே சாட்சி வைத்துத்தான் சத்தியம் வாங்கினாள் இந்த ஊர்ப் பெண். (ஒற்றி என்றால் தமிழில் அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஊர்ப் பெயரே எச்சரிக்கை மாதிரி இல்லை?)

இன்னொரு பயம், "எழுதிக் குடுத்தா வரதட்சணை கேஸ்ல மாட்டிப்போம்." கேட்டு வாங்கியது எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். கேட்காதவருக்கு என்ன பயம்? நாளைக்கு 20 பவுனை 50 பவுன் என்று யாராவது சொன்னால் மாப்பிள்ளை வீட்டைக் காப்பாற்றப் போவதும் அதே தாள்தான்.

முன்பாவது எந்த நகை எது என்று சொல்வது கஷ்டம். 2023 ஏப்ரலிலிருந்து கடையில் விற்கும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்து எண் பொறித்திருக்கிறது. அந்த எண், எடை, பில் நம்பர், கொடுத்தவர் பெயர், இவ்வளவுதான் எழுத வேண்டியது. பழைய நகை என்றால் எடையும் ஒரு போட்டோவும். முகூர்த்தத்தன்று பரபரப்பில் இது நடக்காது. நகைக் கடையிலிருந்து திரும்பிய அன்றே மஞ்சள் பைக்காரர் எழுதி முடித்துவிட வேண்டும். வரவேற்பு அன்று வரும் மோதிரம், பாத்திரத்துக்குக் கீழே பத்து வரி காலியாக விடலாம். மொய் மேஜைக்காரர் ஒரு பேனாவோடு உட்கார்ந்துதானே இருக்கிறார்? கல்யாணப் பதிவுக்கு 2009 சட்டப்படி 90 நாள் இருக்கிறது. அதற்காகச் சார்பதிவாளர் ஆபீசுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து போவது வழக்கம். அதற்குள் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், போகிற வழியில் ஜெராக்ஸ் எடுத்து ஒரு காப்பியைப் பெண்ணின் அம்மா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம்.