யாராவது ஒருத்தர் கிளெரிக் ஆகியே தீரணுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதை, குகை, அரக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுக்க வேண்டும். ஒருவர் வாள் வீசும் ஃபைட்டர் என்கிறார். இன்னொருவர் மந்திரவாதி. மூன்றாமவர் பூட்டு திறக்கும் ரோக். நாலாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் சொல்லிவிடுகிறார்கள்: "ஹீலர் இல்லையே, நீ கிளெரிக் எடுத்துக்கோ."

அவருக்கு என்ன ஆசை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தெருக் கிரிக்கெட்டில் லேட்டாக வந்தவனை ஃபீல்டிங்குக்கு மட்டும் நிறுத்தி வைக்கிற அதே நியாயம்தான். இங்கே அதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு: பார்ட்டி பேலன்ஸ். அடிவாங்க ஒருவர், அடிக்க ஒருவர், பூட்டு திறக்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர். இந்த நாலும் இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காதாம்.

இது வெறும் மூடநம்பிக்கை. விளையாட்டின் வரலாறே அதற்குச் சாட்சி.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-இல் வெளிவந்தபோது அதில் மூன்றே பாத்திர வகைகள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். பூட்டு திறக்கும் தீஃப் 1975-இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் சேர்ந்தார். "நாலு தூண்" என்கிறார்களே, அதில் ஒரு தூண் ஒரு வருஷம் கழித்து நட்டது!

கிளெரிக் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. ஆர்னெசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவருடைய கதாபாத்திரம் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டது. பெயர் சர் ஃபாங். அவரை யாராலும் அடக்க முடியவில்லை. அவருக்கு எதிராக ஒரு ஆள் வேண்டும் என்று உருவானதுதான் கிளெரிக். அதாவது அவர் வந்தது காட்டேரியை எதிர்க்க, கட்டுப்போட அல்ல. 1974 விதிகளின்படி முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு மந்திரம்கூடக் கிடையாது. காயம் ஆற்றும் மந்திரம் எல்லாம் இரண்டாம் லெவலுக்குப் பிறகுதான். அந்தக் காலத்துப் புது பார்ட்டிகள் மந்திரத்தால் காயம் ஆற்ற ஆளில்லாமல்தான் குகைக்குள் நுழைந்தன.

பின்னால் வந்த பதிப்புகளைப் பாருங்கள். 2008-இல் வந்த நாலாம் பதிப்புதான் டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர் என்று வேலைப் பிரிவினையை வெளிப்படையாக எழுதி வைத்தது. ஆனால் அதே புத்தகம்தான் ஒவ்வொருவரும் சண்டைக்கு நடுவில் தானாகவே கொஞ்சம் தெம்பு திரும்பப் பெறலாம் என்ற விதியையும் தந்தது. கடவுளும் மந்திரமும் இல்லாமல், வெறும் அதட்டலாலேயே தோழர்களை எழுப்பி நிறுத்தும் வார்லார்ட் வந்ததும் அதில்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் யாரும் பகடை உருட்டி ஹிட் பாயின்ட் ஏற்றிக்கொள்ளலாம். பார்ட், டிரூயிட், பாலடின், ரேஞ்சர் எல்லோருக்கும் காயம் ஆற்றும் மந்திரம் கிடைக்கும். விதி எழுதியவர்களே ஒற்றை ஆள் தலையில் இருந்த சுமையை இறக்கிவிட்டார்கள். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள்தான் இன்னும் இறக்கவில்லை.

பிறகு இந்தப் பழக்கம் ஏன் விடமாட்டேன் என்கிறது? கம்ப்யூட்டர் கேம்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட், 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இரண்டும் டேங்க், ஹீலர், டேமேஜ் என்ற மும்மூர்த்திகளை மண்டையில் ஏற்றிவிட்டன. அங்கே அது நியாயம். புரோகிராமில் எழுதியபடி அரக்கன் அடிப்பான். "எங்களிடம் ஹீலர் இல்லை, பார்த்து அடி" என்றால் கேட்கமாட்டான். ஆனால் மேஜையில் அரக்கனுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்! எட்டு காப்ளின்களை ஐந்தாகக் குறைக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

"ஹீலர் இல்லாவிட்டால் எல்லோரும் செத்துப்போவோமே?" சாகலாம், நேராகப் போய் மோதினால். நாலு பேரும் ரோக் என்றால் வாசலில் போய் ஏன் மோத வேண்டும்? கொல்லைப்புறமாக நுழைந்து, டிராகன் தூங்கும்போது புதையலைச் சுருட்டிக்கொண்டு ஓடட்டும். காயம் ஆற்ற ஆளில்லாத பார்ட்டி பயப்படும், திட்டம் போடும், பேரம் பேசும், பக்கத்து ஊர்க் கோயில் பூசாரியைக் காக்கா பிடிக்கும். குறை இருக்கும் இடத்தில்தான் கதை முளைக்கிறது. எல்லாம் இருக்கும் பார்ட்டிக்குச் சண்டை மட்டும்தான் மிச்சம்.

அப்படியென்றால் பேலன்ஸே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு இடத்தில். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நாலு வகையும் ஒழுங்காக இருக்கும் பார்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி நாக் என்று ஒரு மந்திரம் போட்டால் பூட்டு திறந்துவிடும். வருஷக்கணக்கில் பூட்டு திறக்கப் பழகிய ரோக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தாளில் நாலு வேலைக்கும் ஆள் இருக்கிறது, மேஜையில் ஒருவருக்கு வேலையே இல்லை. சமன் செய்ய வேண்டியது பாத்திர வகைகளை அல்ல, ஆட்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பை.

அதற்கு வழி சிம்பிள். யாரும் வீட்டிலிருந்தே கதாபாத்திரத்தை முடிவுசெய்துகொண்டு வரக்கூடாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்க வேண்டும். "உனக்கு எந்த வகை?" என்று கேட்காமல், "உன் ஆள் எந்த இடத்தில் ஜொலிக்கணும்?" என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தைக் கேட்டால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். யாரும் கேட்காத இடம் காலியாகவே இருக்கட்டும். அதை நிரப்புவது டன்ஜன் மாஸ்டரின் தலைவலி. புதையலில் நாலு மருந்துக் குப்பி வைப்பாரோ, கூலிக்கு ஒரு வைத்தியரை அனுப்புவாரோ, அவர் பாடு.

விருப்பமில்லாமல் கிளெரிக் ஆனவர் சண்டை போடமாட்டார். மூன்று வாரம் "எட்டு பாயின்ட் ஏத்திக்கோ, அடுத்தது யார்?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாலாவது வாரம் பரீட்சை இருக்கு என்பார். ஐந்தாவது வாரம் போனை எடுக்கமாட்டார். கதாபாத்திரம் செத்தால் இன்னொரு தாள் எடுத்துப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம். போன நண்பனுக்கு எந்தப் பதிப்பிலும் விதி கிடையாது.