வட்டமாக விழ வேண்டிய ஒளி

முப்பட்டகத்தை வெயிலில் பிடித்தால் நிறங்கள் விரியும் என்பதைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் அல்ல. அவருக்கு முன்பே அது ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கி வேடிக்கை பார்த்த பொருள்தான். அவரை உறுத்தியது வேறு. 1672-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் கணக்கைச் சொல்லியிருக்கிறார்: ஜன்னல் கதவில் கால் அங்குலத் துளை, 22 அடி தள்ளிச் சுவர், சுவரில் விழுந்த ஒளியின் நீளம் 13¼ அங்குலம், அகலம் 2⅝ அங்குலம். அன்று எல்லோரும் ஏற்றிருந்த ஒளிவிலகல் விதிப்படி, அவர் முப்பட்டகத்தை வைத்திருந்த நிலையில், அது வட்டமாக விழுந்திருக்க வேண்டும். ஐந்து மடங்கு நீண்டு விழுந்தது. நிறத்தை ரசித்தவர்கள் பலர். நீளத்தை அளந்து பார்த்து ஏன் என்று கேட்டவர் அவர்.

மூன்றரை நூற்றாண்டு கழித்து நம் வகுப்பறைகளில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? ஆசிரியர் முப்பட்டகத்தை எடுக்கிறார், நிறங்கள் தெரிகின்றன, பிள்ளைகள் ‘விப்ஜியார்’ என்று கத்துகிறார்கள், மணி அடிக்கிறது. வட்டமாக ஏன் விழவில்லை என்ற கேள்வி அந்த வகுப்புக்குள் வரவே இல்லை. விடை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

செய்து காட்டினால் புரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நியூட்டனின் சோதனைக்கே அது பலிக்கவில்லை. ஒரு நிறத்தை மட்டும் பிரித்து இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்தினால் அது திசை மாறுமே தவிர நிறம் மாறாது என்றார் அவர். 1681-இல் பாரிஸில் எட்மே மரியாட் அதையே செய்து பார்த்தார். பிரித்தெடுத்த ஊதாவிலிருந்து சிவப்பும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன. மரியாட் கைப்பழக்கம் இல்லாதவர் அல்ல. வாயுக்களின் அழுத்த விதிக்கு பிரான்சில் இன்றும் அவர் பெயர்தான். ஆனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் சுத்தமாகப் பிரிய வேண்டுமானால் துளையின் அளவு, தூரம், கண்ணாடியின் தரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். அந்தப் பக்குவம் கடிதத்தில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் நீண்ட காலம் நியூட்டனை நம்பாமலே இருந்தார்கள். 1714-க்குப் பிறகு, ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்துகாட்டும் பொறுப்பிலிருந்த தெசாகுலியே அவற்றை மறுபடி அமைத்து, கடல் கடந்து வந்த அறிஞர்களின் கண்முன் நடத்திய பிறகுதான் காற்று திசை மாறத் தொடங்கியது. படித்த பெரியவர்களின் கதையே இது. எட்டாம் வகுப்புப் பையன் ஒரே பார்வையில் தெளிந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

தாமஸ் யங் 1803-இல் வாசித்த கட்டுரையில் வரும் சோதனைக்கு இன்றும் ஒரு பைசா செலவில்லை. தடித்த காகிதத்தில் ஊசியால் ஒரு துளை. அதன் வழியே வரும் சூரியக்கதிரின் குறுக்கே அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டு. அதன் நிழலுக்குள் வரிவரியாக வெளிச்சம். அட்டையின் ஒரு பக்கம் செல்லும் ஒளியை மட்டும் மறைத்தால் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்துவிடும். இரு பக்கத்து ஒளியும் சேர்ந்துதான் அவற்றை உண்டாக்கின என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் யங்குக்கு அன்று கிடைத்தது பத்திரிகைக் கேலிதான்.

ஒளி ஓர் அலை என்ற அவர் வாதத்தை வெல்ல வைத்தது, எதிர்த்தரப்பின் ஒரு கணக்கு. பிரெஞ்சு அகாதமி விளிம்பு விளைவு பற்றிப் பரிசுப் போட்டி அறிவித்தது. ஃபிரெனெல் அலைக் கொள்கையில் ஒரு கட்டுரை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாஸோன் ஒளியைத் துகள் என்று நம்பியவர். ஃபிரெனெலின் கணிதத்தை இறுதிவரை கொண்டுபோய், இது சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தாக வேண்டுமே என்று மடக்கினார். அபத்தம் அம்பலமாகிவிட்டது என்பது அவர் எண்ணம். இன்னொரு நடுவரான அராகோ 2 மில்லிமீட்டர் உலோகத் தகட்டைக் கண்ணாடியில் மெழுகால் ஒட்டிப் பார்த்தார். புள்ளி இருந்தது. 1819-இல் பரிசு ஃபிரெனெலுக்கு. புவாஸோன் அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் புள்ளி இன்னொரு வேடிக்கையாகப் போயிருக்கும். (சைக்கிள் கடை பால்ரஸ் ஒன்று, ஒரு லேசர் விளக்கு, ஒளியை விரிக்க ஒரு லென்ஸ், நல்ல இருட்டறை இருந்தால் இன்றைய பள்ளியிலும் அது தெரியும்.)

முன்கூட்டிச் சொன்ன ஊகத்தின் பலம் வகுப்பறையிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் குழு வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்குக் கசப்பானது. செய்முறை விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்கவே பார்க்காதவர்களைவிடச் சொல்லும்படி மேம்படவில்லை. என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. அதற்குப் பிடித்த கூடுதல் நேரமோ சில நிமிடங்கள்.

ஒளியியலில் இதற்கு லென்ஸைவிட நல்ல இடம் இல்லை. மேசையில் மெழுகுவத்தி, குவிலென்ஸ், வெள்ளைத் திரை. தலைகீழாகச் சுடரின் பிம்பம் விழுகிறது. லென்ஸின் மேல்பாதியைக் கறுப்பு அட்டையால் மூடினால் என்ன ஆகும்? பிம்பத்தில் பாதி போய்விடும் என்பார்கள் பெரும்பாலோர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோல்ட்பர்க்கும் மெக்டெர்மாட்டும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை முடித்த கல்லூரி மாணவர்களிலும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். அட்டையை வைத்துப் பாருங்கள்: பிம்பம் முழுசாக இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்ஸ் முழுவதற்கும் ஒளி போகிறது. மிச்சமிருக்கும் பாதியே அத்தனை புள்ளிகளையும் குவித்துவிடும். பிள்ளைகளின் தப்பெண்ணத்துக்குப் பாதிக் காரணம் பாடப்புத்தகப் படம் என்பேன். இரண்டு கதிர் வரைந்து பிம்பத்தைக் குறிக்கிறோம். அந்த இரண்டு கதிர்தான் பிம்பத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் தப்பில்லை, வரையாமல் விட்ட கதிர்களைப் பற்றி யாரும் பேசாததுதான் தப்பு.

சி.வி. ராமனின் முதல் கட்டுரை சென்னை மாநிலக் கல்லூரியின் நிறமாலைமானியில் பிறந்தது. முப்பட்டகக் கோணம் அளப்பது, இன்றும் பிளஸ் டூ மாணவர் செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதும் அதே பயிற்சி. முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக ஒளி பட்டபோது இருபுறமும் ஒத்துப்போகாத வரிகளை அவர் கவனித்தார். கேட்ட அளவை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. 1906-இல் லண்டன் ‘ஃபிலாசஃபிக்கல் மேகசீன்’ அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 18. கருவி அப்போதும் சாதாரணம்தான், மேதைமையைக் கல்லூரி கொடுக்கவும் இல்லை. ஆனால் அட்டவணைக்கு வெளியே தெரிந்ததைப் பின்தொடர அந்த ஆய்வகத்தில் இடம் இருந்தது.

நம் செய்முறைத் தேர்வு அந்த இடத்தைத்தான் அடைத்து வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் குவிலென்ஸின் குவியத் தொலைவைக் காண வேண்டும். விடை என்ன வர வேண்டும் என்பது லென்ஸை எடுக்கும் முன்பே பாதி வகுப்புக்குத் தெரியும். பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். அந்தத் தேர்வில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: லென்ஸின் பாதியை மறைத்தால் என்ன ஆகும் என்று முதலில் பேனாவால் எழுது, பிறகு மறைத்துப் பார், கண்டதை அதன் கீழே எழுது. ஊகம் தவறானாலும் மதிப்பெண் குறையக் கூடாது; முன்பு எழுதியதை அடித்துத் திருத்தினால் குறையலாம். அடுத்த ஆண்டுக்குள் அந்தக் கேள்விக்கும் நோட்ஸ் அச்சாகிவிடும் என்பார்கள். அச்சாகட்டும், அதற்கடுத்த ஆண்டு திரையை எடுத்துவிட்டால் பிம்பம் எங்கே போகும் என்று கேட்கலாம்.